விரலைத் தள்ளிய துடிப்பு

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். நம்பினேன் என்ன, தலைக்கனமே பிடித்திருந்தது. அந்தத் தலைக்கனத்தால் என் வீட்டுக்காரரைச் சாவின் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். இப்போது அந்தப் பக்கம் போனால் கார் கம்பெனி, கண்டெய்னர் லாரி என்று மூச்சு முட்டுகிறது. அன்றைக்கு எங்களுக்குக் கம்பெனி என்றால் ஒன்றுதான், இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி. என் வீட்டுக்காரர் அங்கே மோல்டர். மணலில் அச்சுப் பிடித்து, காய்ச்சிய இரும்பை அதில் ஊற்றுவார்கள். மணல் நிரப்பின இரும்புப் பெட்டிகளை நாள் முழுக்கத் தூக்கி வைக்கிற வேலை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. மணல் தூசியும் பீடியும் சேர்ந்து எப்போதும் ஒரு இருமல். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஒரே பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

பாரம் தூக்குகிறவர்களுக்கு வருகிற ஒரு வியாதியைத் 'தொப்புள் நகர்ந்துபோச்சு' என்பார்கள். வயிற்றைப் பிசையும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், சோறு இறங்காது. அதை இருந்த இடத்துக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஐந்து விரலையும் குவித்துத் தொப்புள் குழியில் அழுத்தினால் உள்ளே நாடி துடிப்பது தெரியும். குழிக்கு நேராகத் துடித்தால் சரி. மேலேயோ பக்கத்திலோ துடித்தால் தொப்புள் நகர்ந்துவிட்டது என்று கணக்கு. விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் அந்தத் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். பிறகு ஒரு உருண்டை வெல்லம் தின்னச் சொல்வேன்.

ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் என் வாசலில் இரண்டு பேர், மூன்று பேர் நிற்பார்கள். "டீச்சரம்மா, குனிஞ்சா நிமிர முடில, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அடுப்பில் உலை கொதிக்கும், தண்ணீர்க் குழாயில் என் குடம் வரிசையில் நிற்கும், எட்டரைக்குள் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும். எரிந்து விழுந்துகொண்டேதான் பார்ப்பேன். ஆனால் பார்ப்பேன். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும். எண்ணெய் போடாமலே சரியாகியிருக்குமோ என்னவோ, அந்த யோசனையெல்லாம் அப்போது எனக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் பொங்கல் லீவில் ஒரு காலை, என் வீட்டுக்காரர் பாயைவிட்டு எழுந்திருக்காமல் படுத்திருந்தார்.

"இன்னா, வேலைக்குப் போறதா உத்தேசமில்லியா?" என்றேன்.

"முதுகு வலிச்சிக்கினு கீது. வயித்துலயும் ஒரு மாதிரியா கீது. தொப்புள் நகந்துகிச்சோ இன்னாவோ, கொஞ்சம் பாரேன்."

உட்கார்ந்து கையை வைத்தேன். தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் இடதுபக்கமாக நன்றாகத் துடித்தது. சந்தேகமே இல்லை, நகர்ந்துதான் இருக்கிறது என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். கால் மணி நேரம் உருவினேன். "தேவலாம்" என்றார். "நாளைக்கும் ஒரு தபா போட்டுடு" என்றார்.

மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற அவசரத்தில் மட்டும் விட்டுவிடுவேன். இப்படியே மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. மற்ற எவனுக்கும் இரண்டு நாளில் இறங்குகிற தொப்புள், என் புருஷனுக்கு மட்டும் இறங்க மாட்டேன் என்றது. எனக்குக் கோபம்தான் வந்தது. "பாரம் தூக்காதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே!" என்று அவரைத்தான் வைதேன்.

ஒரு விஷயத்தை என் விரல் கவனித்தது, மண்டை கவனிக்கவில்லை. மற்றவர்கள் வயிற்றில் அந்த நாடி விரலை மேலே தூக்கிவிட்டு இறங்கும். இவர் வயிற்றில் அது விரல்களை இரண்டு பக்கமும் விலக்கித் தள்ளியது. பொங்கலின்போது மூன்று விரல் சேர்த்து வைத்தால் அந்தத் துடிப்பு அதற்குள் அடங்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நான்கு விரல் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை நடந்த சமயத்தில் உள்ளங்கையை முழுசாக வைக்கவேண்டியிருந்தது. தொப்புள் பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினேன். படித்த டீச்சர் நான்! நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. வழக்கம்போல எண்ணெய் போட்டு, கட்டைவிரலை ஊன்றி அமுக்கினேன். 'ஹா' என்று ஒரு சத்தம் போட்டார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. ஒருக்களித்துத் திரும்பி முதுகைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். என் கை அப்படியே காற்றில் நின்றது.

"இன்னா ஆச்சு? இன்னா பண்ணுது? சொல்லுங்களேன்!"

"ஒண்ணுமில்ல. வாயு. கத்தாத."

அரை மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது, வேலைக்குப் போகிறேன் என்று சட்டையைத் தேடினார். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் வாய் உருப்படியான காரியம் செய்தது. "ஷிப்டும் கெடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கெடையாது, நடங்க ஆஸ்பத்திரிக்கு" என்று கத்தி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த லேடி டாக்டர் இருந்தாள். என் பெண்ணைவிட இரண்டு வயது கூட இருப்பாள். மேஜைமேல் படுக்க வைத்தாள். நான் செய்கிற மாதிரி விரலைக் குவித்து அமுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்கு மேலே, இரு பக்கமும் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுடைய இரண்டு கையும் ஒவ்வொரு துடிப்புக்கும் விலகி விலகிச் சேர்ந்தன. அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"இனிமே இந்த வயித்துல யாரும் கை வைக்கக்கூடாது" என்றாள். பிறகு உள்ளங்கையை மோந்து பார்த்தாள். "வெளக்கெண்ணெய் வாசனை வருதே. யார் இதை அமுக்கினது?"

ஊருக்கே வாய் காட்டுகிறவள், என் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நான்தாம்மா" என்றார் இவர். "நானே தேச்சிக்கினேன். வாயுன்னு நெனச்சி."

நான் அதை மறுக்கவில்லை.

அந்த டாக்டர் பெண் என்னை வெளியே கூப்பிட்டுப் புரியும்படி சொன்னாள். இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய் நெஞ்சைத் தாண்டி, வயிற்றில் முதுகெலும்புக்கு முன்னால் இறங்கி, தொப்புள் கிட்டே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. உடம்பிலேயே பெரிய குழாய் அதுதான். தொப்புளில் துடிப்பதும் அதுதான். எல்லாருக்கும் அது கட்டைவிரல் தடிமன் இருக்கும். இவருக்கு ஒரு இடத்தில் சுவர் நைந்துபோய் ஊதிக்கொண்டே வருகிறது. "டயர் கிழிஞ்ச எடத்துல சைக்கிள் ட்யூபு புடைச்சுக்கிட்டு வருமே, பாத்திருக்கீங்களா? அது மாதிரி. வெடிச்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இங்க மட்டுமில்ல, எங்கயுமே."

"எவ்ளோ நேரம் இருக்கும் டாக்டர், வெடிச்சா?"

"நிமிஷக் கணக்குதாம்மா. அதுக்கு முன்னாடி மெட்ராஸுக்குப் போயிடணும். பஸ்ல வேணாம். இருமக்கூடாது, முக்கக்கூடாது, ஒரு சொம்பு தண்ணிகூடத் தூக்கக்கூடாது."

ஃபவுண்டரியில் போய்க் கெஞ்சி ஆபீஸ் வேனைக் கேட்டேன். கொடுத்தார்கள். என் கொழுந்தனுக்கும் ஆள் அனுப்பினேன். இவருடைய தம்பி, பூந்தமல்லியில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தா. அண்ணன் என்றால் உயிர். என்னைக் கண்டால் ஆகாது. வேலைக்குப் போகிற பெண்பிள்ளைக்கு வாய் நீளும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியைப் பொய்யாக்க முயன்றதில்லை.

வேனில் பின்சீட்டில் இவரைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வழக்கத்தில் அவை வயிற்றுக்குத்தான் போயின. அடிபட்ட மாதிரி இழுத்துக்கொண்டேன். சட்டைக்கு மேலேயே தெரிந்தது அது. தொப்புளுக்கு மேலே துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்றைக்கு ரோடு இருந்த லட்சணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் இறங்கி ஏறும்போது என் உயிர் தொண்டைக்கு வந்து போயிற்று. "மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா" என்று டிரைவரைப் பிடுங்கி எடுத்தேன். அவன், "நடந்தா மாதிரிதாம்மா போறேன், மாட்டு வண்டியெல்லாம் தாண்டிக்கினு போவுது" என்றான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோது இவருக்கு இருமல் கிளம்பியது.

"இருமாதீங்க! அடக்குங்க!"

"அடக்குனா அடங்குமாடி?" என்று மூச்சுத் திணறச் சொல்லிவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினார். வயிற்றில் இருந்த அந்த மேடு குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஜெபம் வராமல் உட்கார்ந்திருந்தேன். இருமல் நின்றதும், "இன்னும் கீறேன்டி, கண்ண தொற" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கொழுந்தன் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். வார்டில் சேர்த்து, பக்கவாட்டில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் காலை பெரிய டாக்டர், அறுவை சிகிச்சை செய்கிறவர், மாணவர்கள் சூழ வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு முன்னால் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போயிற்று, முட்டை ஓட்டின் விளிம்பு மாதிரி. நைந்த குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது அது என்று மாணவர்களுக்குச் சொன்னார். கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தில் நாடி பார்த்தார், முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்செல்லாம் சளி" என்றார். "இந்த நெஞ்சோட மயக்கம் குடுத்தா மூச்சே திரும்பாது. பீடியை விடணும். மூணு வாரம் மருந்து, மூச்சுப் பயிற்சி. அப்புறம்தான் வயித்தைத் திறக்க முடியும். கெட்டுப்போன இடத்தை வெட்டிட்டுத் துணியால செஞ்ச குழாய் ஒண்ணு வெச்சுத் தைப்போம்." பிறகு இவரைப் பார்த்து, "எத்தனை நாளா தெரியுது இந்தத் துடிப்பு?" என்று கேட்டார்.

"பத்து நாளா சார்."

"வலி?"

"இல்ல சார். வாயு மாதிரி ஒரு நாள் வந்துச்சி. போய்ட்ச்சி."

"பெரிசாகிட்டே வருதா, அப்படியே இருக்கா?"

"தெரில சார்."

பெரிய டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "வேகமா வளர்றதா இருந்தா காத்திருக்க முடியாது. வளரலேன்னா நெஞ்சைச் சரி பண்ணிட்டுச் செய்யறதுதான் புத்திசாலித்தனம். மூணு வாரம் கழிச்சுத் தேதி போடுங்க" என்று சின்ன டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம். என் கைக்குத் தெரியும், மூன்று வாரம் கிடையாது. மூன்று விரல் நான்கு விரலாகி, நான்கு விரல் உள்ளங்கையானதை உலகத்தில் என் கை ஒன்றுதான் அறியும். சொன்னால், மூன்று மாதம் தினமும் அமுக்கிய பாதகி நான்தான் என்று தெரிந்துவிடும். கொழுந்தன் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்தேன். சொல்லாதே என்கிற மாதிரி லேசாகத் தலையாட்டினார்.

நான் வராந்தாவுக்குப் போனேன். குழாயடியில் முகத்தைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். சொன்னால் இந்தக் குடும்பத்தில் எனக்கு இனி முகம் கிடையாது. அரக்கோணத்தில் என் பெண் என்ன நினைப்பாள்? சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? இதையெல்லாம் யோசித்தேன், வெட்கமில்லாமல் யோசித்தேன். அவர் வயிறு துடித்துக்கொண்டிருந்தது, நான் என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு அரை நாளை ஓட்டினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். வெளியே நின்ற ஆயா தடுத்தாள். "தள்ளு" என்றேன். என் குரலைக் கேட்டுத் தள்ளிவிட்டாள். உள்ளே இரண்டு மாணவர்களும் இருந்தார்கள்.

"டாக்டர், அது பத்து நாள் இல்ல. பொங்கல்லேருந்து இருக்குது. அவர் தேச்சிக்கல. நான்தான் அமுக்கினேன். தொப்புள் நகந்துபோச்சுன்னு நெனச்சு, எண்ணெய் போட்டு, தெனமும் அமுக்கினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவா?" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"திட்டுங்க டாக்டர், அப்பறம் திட்டுங்க. அது வளந்துகினே வருது. என் கைக்குத் தெரியும்."

அவர் முகம் மாறியது. மேஜைமேலிருந்த ஸ்கேலை எடுத்தார். "பொங்கலப்போ எவ்வளவு? மேஜையில வெச்சுக் காட்டுங்க." மூன்று விரலைச் சேர்த்து வைத்தேன். அளந்தார், எழுதினார். "அப்புறம்?" லெந்து நாளுக்கு நான்கு விரல் வைத்தேன். "இப்போ?" உள்ளங்கையை வைத்தேன். "ஆட்டாதீங்க" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அளந்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல நான் அமுக்குறப்பதான் முதுகுல பயங்கரமா வலி வந்துது. வேத்துக் கொட்டி, வாந்தி எடுத்தாரு. வாயுன்னு உங்ககிட்ட பொய் சொல்றாரு."

அவர் எழுந்துவிட்டார். "இதைக் காலையிலயே ஏம்மா சொல்லல?" என்று கத்தினார். பிறகு மாணவர்களிடம் திரும்பி, "போன மாசத்துப் படம் நம்மகிட்ட இல்லை. இந்தம்மா சொல்றதுதான் படம்" என்றார். என்னைப் பார்த்து, "நெஞ்சு மோசமாத்தான் இருக்கு. மூச்சு திரும்பாமலும் போகலாம். ஆனா காத்திருந்தா கட்டாயம் போயிடும். நாளை மறுநாள் காலைல செய்யறேன். எட்டுப் பாட்டில் ரத்தம் வேணும், ஆள் தயார் பண்ணுங்க. அந்தக் கையை மட்டும் இனி அவர்மேல வைக்காதீங்க" என்றார்.

தேதி மாறியதும் ஏன் என்று கொழுந்தன் சின்ன டாக்டரிடம் கேட்டிருக்கிறார். அவரும் சொல்லிவிட்டார். வராந்தாவில் அத்தனை பேர் முன்னாலும் என் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணி, எங்கண்ணன் வயித்த அமுக்கி அமுக்கி ஒடைச்சது நீதானா? நீ இன்னா டாக்டருக்குப் படிச்சவளா? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சொல்லிட்டேன், எங்க வூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது நீ."

என் ஆயுசில் ஒருவர் வைது நான் திருப்பிக் கொடுக்காமல் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். அவர் சொன்னதில் எந்த வார்த்தையைத் தப்பு என்று சொல்வேன்?

ரத்தம் கொடுக்க ஃபவுண்டரியிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். நைட் ஷிப்டு முடித்த கையோடு, முகத்தில் கரியோடு வரிசையில் நின்றார்கள். ஊசி என்றால் ஓடுகிறவர்கள். அவர்களில் ஒருவர், "டீச்சரம்மா கையால எத்தினி தபா எண்ணெ போட்டுக்கினோம், ஒரு பாட்டில் ரத்தம் குடுக்க மாட்டமா?" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே, "பீடி ஒண்ணு கெடச்சா தேவலாம்" என்றார். "வாய மூடுங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தையாகிவிடுமோ என்று கதவு மூடிய பிறகுதான் உறைத்தது. கதவைத் தட்டி வேறு ஏதாவது சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

பெஞ்சின் ஒரு கோடியில் நான், மறு கோடியில் கொழுந்தன். சேதி கேட்டு அரக்கோணத்திலிருந்து வந்த என் பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஒரு நர்ஸ் ஓடிவந்து இன்னும் இரண்டு பாட்டில் ரத்தம் வாங்கிக்கொண்டு போனாள். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்ல நிற்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. ஒன்றரை ஆயிற்று. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். என் பெண் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். கொழுந்தன் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை, ஆறிப்போய் ஆடை கட்டியது.

இரண்டே முக்காலுக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். பச்சைத் துணித் தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"துணிக் குழாய் வெச்சாச்சு. ரெண்டு காலுக்கும் ரத்தம் போகுது, விரல் சூடா இருக்கு" என்றார். "பின்பக்கச் சுவர் வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது. ஏற்கெனவே கசிஞ்சு, ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தது. இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கியிருக்காது. மூச்சு எப்படித் திரும்புதுன்னு இனிமேதான் பாக்கணும்."

கொழுந்தன் கேட்டார்: "அமுக்கினதாலதான் கசிஞ்சுதா டாக்டர்?"

நான் டாக்டரின் வாயையே பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஊதினது அமுக்கினதால இல்ல. அது பீடியால, வயசால. கசிஞ்சது அமுக்கினதாலயா இருக்கலாம். இல்லேன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா இவங்க வந்து சொல்லலேன்னா நான் இன்னும் மூணு வாரம் தள்ளியிருப்பேன். அதையும் சேத்துக் கேட்டுக்குங்க." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மெஷின் இல்லாமல் மூச்சு திரும்ப நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால் விரல்களை, கண்ணாடி வைத்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். நர்ஸ் மணிக்கு ஒரு தரம் அவற்றைத் தொட்டுப் பார்ப்பாள், எனக்குத் தலையாட்டுவாள். ஐந்தாம் நாள் மூச்சுக்காக வாயில் செருகியிருந்த குழாயை எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாதி ஆளாக இளைத்திருந்தார். கொழுந்தன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பக்கத்தில் நின்று ஆரம்பித்தார்: "அண்ணா, இவுங்க செஞ்ச வேலையால..."

இவர் கையை உயர்த்தினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "டேய், வயிறு என்னுது. நான்தான் காமிச்சேன். அவ இன்னா என்னைக் கட்டிப் போட்டா அமுக்கினா? போய் டீ சாப்ட்டுக்கினு வா." கொழுந்தன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைகளை மடிக்குள் கட்டிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"நான் அமுக்குறப்ப வலிக்குமா?"

"வலிக்கும்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே வலிச்சிது. அப்பாலிக்கா ரொம்ப."

"அடப்பாவி மனுஷா! தேவலாம் தேவலாம்னு சொன்னீங்களே! நாளைக்கும் போடு, நாளைக்கும் போடுன்னு சொன்னீங்களே! வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டராண்ட போயிருப்பமே!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"நீ காலைல எழுந்தா நிக்கறதே இல்ல" என்றார். "அடுப்பு, தண்ணி, வாசல்ல நிக்கிறவனுங்க, பள்ளிக்கூடம். சாயந்தரம் வந்தா நோட்டு திருத்துவ. என்னாண்ட பேசினா அது கத்தலாத்தான் இருக்கும். தப்பா சொல்லல, எல்லாத்தயும் நீதான் இழுத்துக்கினு ஓடற. இந்த எண்ணெ போட ஆரம்பிச்ச அப்பாலதான், கால் மணி நேரம் என் பக்கத்துல உக்காந்த. வாய் பேசாம, கைய வெச்சிக்கினு. சரியாப் பூட்ச்சின்னா எழுந்து பூடுவியேன்னு..."

நான் அவர் கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு, வார்டே பார்க்க, வாய்விட்டு அழுதேன். இருபத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனுஷன், நான் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பதற்காக வலியைத் தின்றிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. என் கைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். பீடியை விட்டார், அச்சுப் பிடிக்கிற வேலையை விட்டு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். வாசலில் வந்து நின்றவர்களையெல்லாம் லேடி டாக்டரிடம் விரட்டிவிட்டேன். தினமும் காலையில், உலையை வைத்துவிட்டு, அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சும்மா உட்கார எனக்கு வராது. முதலில் கொஞ்ச நாள் கணக்காகக் கால் மணி நேரம் ஆனதும் எழுந்து ஓடினேன், பிறகு பழகிவிட்டது. அவர் வயிற்றில் மட்டும் ஒரு நாளும் கை வைக்கவில்லை. என் கையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவேன்.